கடைசிப் படமும் ஒரு எரிநட்சத்திரமும்

பென்னாகரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற கஸ்பார் நான்தான். வேறு எவன் எடுத்தாலும் தலையை வெட்டிவிடுவான் என்பது என் கருத்து. அதனால் என் கல்யாணத்துக்கும் போட்டோ நானே எடுத்தேன். படத்தில் பொண்ணு இருக்கு, கோயில் சாமியார் இருக்கார், மாமனார் முறைச்சுக்கிட்டு இருக்கார். மாப்பிள்ளையைத்தான் காணோம்.

நாலு வருஷமாக என் சம்சாரம் ரோசம்மா கேட்டது ஒன்றே ஒன்று. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ.

அறுபத்தெட்டாம் வருஷம், தை மாசம். பிலிம் ரோலில் ஒரே ஒரு படம் பாக்கி. அடுத்த ரோல் சேலத்திலிருந்து எப்போது வருமோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

"ஏங்க, அதுல நம்மள எடுத்துருங்க."

"அடி போடி! அது வானத்துக்கு. இன்னிக்கு ராத்திரி நட்சத்திரம் நகர்றதைப் பிடிக்கப்போறேன். சேலத்துல போட்டி வச்சிருக்கான்."

"கும்மிருட்டுல என்னாங்க விழும்?"

"ஷட்டரைத் தொறந்தே வச்சா வெளிச்சம் துளித்துளியாச் சேரும். அதெல்லாம் சயன்ஸு. உனக்குப் புரியாது."

"சரிங்க."

ரோசம்மா உடனே 'சரிங்க' சொன்னபோதே நான் உஷாராகியிருக்கணும்.

ராத்திரி வாசலில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, வானத்தைப் பார்க்க வைத்தேன். வாசல் விளக்கை அணைத்தேன். களி ஆறுது என்று கூப்பிட்டாள். தின்றுவிட்டு வந்து, இருட்டில் தடவி ஷட்டரைத் திறந்துவிட்டேன். எதிரே கட்டில் போட்டிருந்தாள். என்ன அக்கறை பாருங்கள் என்று உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கழுத்து வலின்னீங்களே, தைலம் தேய்க்கிறேன். அசையாதீங்க."

"ஏன் அசையக் கூடாது?"

"நரம்பு பிசகிக்குங்க."

திடீரென்று வாசல் பட்டப்பகலாச்சு! தலைக்கு மேலே பச்சையாக ஒரு நெருப்புப் பந்து ஒகேனக்கல் பக்கம் பாய்ந்து அணைந்தது. எரிநட்சத்திரம்! தெரு நாயெல்லாம் ஊளையிட்டது.

"படத்துல விழுந்துருச்சு ரோசா! இந்தப் படத்தை இந்தியாவுலேயே எவனும் எடுத்திருக்க மாட்டான்!"

"ஆமாங்க, எவனும் எடுத்திருக்க மாட்டான்."

காலையில் பிலிமைக் கழுவிப் பார்த்தேன். வானத்தைக் காணோம். கொஞ்சம் மங்கலாக ஒரு கட்டில். அதில் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்கிற ஒருத்தன். அவன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, நேரே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற ரோசம்மா.

"கேமராவைத் திருப்பினியாடி?"

"நீங்க களி திங்கறப்ப. துளித்துளியாச் சேரும்னீங்க, ஒரேயடியாச் சேர்ந்துருச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இதுக்காகவா இவளை நாலு வருஷம் காக்க வைத்தேன்? போட்டியாவது மண்ணாவது என்று, பெரிசாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினேன்.

மறுவாரம் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு புதுஜோடி வந்தது. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதை எடுத்தது யாருங்க?"

"என் சம்சாரம்."

"அப்படீங்களா? நாங்க உக்காந்திருக்கோம். போய் அவங்கள வரச்சொல்லுங்க."