டெய்லர் அண்ணாச்சி எடுத்த முதல் ஆள்

திருநெல்வேலியிலேயே முறையாகத் திட்டம் போட்டு, வருஷம் தவறாமல் தோற்ற ஒரே மனிதர் எங்கள் டெய்லர் அண்ணாச்சிதான். தச்சநல்லூரில் தையல் கடை. மற்ற நேரமெல்லாம் எங்கள் ஹாக்கி கிளப்புக்கு மேனேஜர்.

பாளையங்கோட்டையில் கோடை லீக்குக்கு முன் ஆள் எடுக்கும் நாள் ஒன்று உண்டு. பையன்களின் பெயரெல்லாம் கரும்பலகையில் இருக்கும். கிளப்புகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். போன வருஷம் கடைசியில் வந்த கிளப்புக்குத்தான் முதல் வாய்ப்பு. கடைசி யார்? நாங்கள்தான். அண்ணாச்சி எழுந்து, கோல் போடத் தெரிந்தவனையெல்லாம் விட்டுவிட்டு, மீசை முளைக்காத கோல்கீப்பர் ஒருவனின் பெயரைச் சொல்வார். அவன் புண்ணியத்தில் மறுபடியும் கடைசி. மறுபடியும் முதல் வாய்ப்பு. மறுபடியும் ஒரு கோல்கீப்பர்!

ஒருவன் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். இன்னொருவன் பாதி சீசனில் கூடைப்பந்துக்கு ஓடிவிட்டான். மூன்றாமவன் பரீட்சையில் பெயிலாக, அவன் அப்பா கடைக்கே வந்து கத்தரிக்கோலைத் தெருவில் வீசினார்.

"கீப்பரு பழுக்க இருவத்திநாலு வயசாவும்வே. நாமதான் பொறுக்கணும்" என்பார் அண்ணாச்சி.

"அதுவரைக்கும் கிளப்பு இருக்கணும்லாவே!" என்பார் செகரட்டரி.

கடைசியில் கிளப் கூடித் தீர்மானம் போட்டது. இந்த வருஷமும் கீப்பரை எடுத்துக் கடைசியில் வந்தால் மேனேஜர் பதவி போச்சு. மேலப்பாளையத்தில் ஒரு பையன் இருந்தான். ஸ்டிக்கைத் தொட்டால் கோல். அவனை எடுத்தால் கோப்பை நமக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் அந்தக் கோப்பை மேல் கொள்ளை ஆசை. அதை வைக்கத் தையல் மெஷினுக்கு மேலே பலகைகூட அடித்திருந்தார். இத்தனை வருஷமும் அதில் பட்டன் டப்பாதான் இருந்தது.

ஆள் எடுக்கும் நாளில் அண்ணாச்சி எழுந்தார். மேலப்பாளையத்துப் பையனைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். என் பெயரைச் சொன்னார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. சீவலப்பேரி பஸ்ஸில் வந்து போகிற கோல்கீப்பர். முதல் மேட்சில் ஏழு கோல் வாங்கினேன். ஐந்து, எதிர் கிளப் எடுத்துக்கொண்ட அந்த மேலப்பாளையத்துப் பையன் போட்டது. ஒன்று பைய உருண்டு என் காலுக்கு நடுவே போனது. ஐயோ, அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்!

"என்னைய ஏன் அண்ணாச்சி எடுத்தீய?" என்று வெளியே வந்து அழுதேன்.

"போன வருசம் பள்ளிக்கூட மேட்சுல ஒம்பது வாங்குன. பத்தாவது பந்துக்கும் பாய்ஞ்சு விழுந்தேல்லா? அதுக்குத்தாம்லே. நீ நல்லா வருவ. நான்தான் எட்டு வருசம் முந்திட்டேன்."

அந்த சீசனோடு அவர் பதவி போனது. அடுத்து வந்தவர் முதல் வேலையாக என்னைக் கழற்றிவிட்டார். நான் ஒரு மில் டீமில் ஒண்டிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்தே வருஷங்கள் போயின.

இருபத்துநாலாவது வயதில் லீக் இறுதிப் போட்டி. எதிரே எங்கள் பழைய கிளப். முதல் தடவையாக இறுதிக்கு வந்திருந்தார்கள். ஆட்டம் சமன். ஷூட் அவுட்டில் ஐந்தில் நான்கைத் தடுத்தேன். கோப்பை மில்லுக்குப் போனது.

பழைய கிளப்பே துக்க வீடாகக் கிடந்தது. அண்ணாச்சி மட்டும் குதித்துக்கொண்டிருந்தார்.

"தோத்தது நம்ம கிளப்புவே! என்னத்துக்குக் குதிக்கீரு?" என்று செகரட்டரி எரிந்து விழுந்தார்.

"தோக்கடிச்சது நம்ம பயலாக்கும்வே!"

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். குதித்த ஆளா இவர் என்றிருந்தது. முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏலே, உள்ளதைச் சொல்லு. அன்னைக்கு மேலப்பாளையத்தானைத்தான் எடுத்திருக்கணுமோ?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"ம்... ஆமாலே" என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். அந்த மாசமே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

நான் சொன்னது நிஜம்தான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் என் பெயரை முதலில் சொன்ன ஒரே மனிதரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.