பாதி விலை மூச்சு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நானும் உங்கள் மாமியாரும் இதுவரை நலம். இனி எப்படி என்பது உங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் கையில் இருக்கிறது. இரண்டு வருடமாக மூச்சிரைப்பால் மாடி ஏற முடியாத அவளுக்குத் தெரியாமல், மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவளைப் போன்றவர்களுக்குத் தரும் ஆக்சிஜன் மிஷினுக்கு உங்கள் அலுவலகம் டெண்டர் விட்டதும், இதுவரை மிஷின் தந்த நம் தெருக் கடைக்காரர் தோற்று, பாதி விலை சொன்ன எவனோ ஜெயித்ததும் தெரிந்ததே. உங்களைச் சந்தேகப்படவில்லை, முழுதாக இல்லை. பழைய மிஷினைத் தூக்கிப்போகும்போது கடைக்காரர் என் காதில், "பாதி விலைக்குக் குடுக்கிறவன் பாதிக் காத்துதானே சார் குடுப்பான்?" என்றார். அன்றைக்குப் போன தூக்கம்தான். பழைய மிஷின் பீரோ உயரம், ஓடினால் வீடே அதிரும், நம்பிக்கையாக இருக்கும். புது மிஷின் தோளில் மாட்டுகிற பை அளவு, சத்தமே இல்லை. கொண்டுவந்தவன் வேறு சும்மா சும்மா சிரித்தான். "பச்சை லைட் எரிஞ்சா நல்லா ஓடுதுன்னு அர்த்தம் சார்" என்றான். லைட் எரியக் கரண்ட் போதாதா, காற்று எதற்கு? குழாய் முனையில் மெல்லிய காகிதத்தைப் பிடித்தேன், ஆடியது. ஃபேன் வேலையோ என்று ஃபேனை நிறுத்தினேன், அப்போதும் ஆடியது. என் மூச்சுக்காற்றோ என்று மூச்சை அடக்கிப் பார்த்ததில் எனக்கே தலைசுற்றி, உங்கள் மாமியார் தன் குழாயைக் கழற்றி என் மூக்கில் வைத்தாள். தெளிந்துவிட்டது. ஆனால் அது அவள் கைராசியாகவும் இருக்கலாம். "எனக்கு நல்லாத்தான் இருக்கு, சும்மா இருங்க" என்கிறாள். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று பொய் சொல்கிறாளோ என்றுதான் ராத்திரியெல்லாம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன்? உடனே டெண்டரை ரத்து செய்து, சத்தம் போடுகிற பழைய மிஷினையே அனுப்பிவையுங்கள்.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, பதில் வந்ததும் முழுதாகத் தருகிறேன்.

இப்படிக்கு,
கவலையுடன் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் "யாருக்குத் திருட்டுத்தனமா எழுதறீங்க?" என்று கேட்டது. தோளில் மிஷினோடு உங்கள் மாமியார்! அது சத்தம் போடாததால் படியேறி வந்ததே தெரியவில்லை. முழுக்கடிதத்தையும் படித்துவிட்டு, ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல் திட்டித் தீர்த்தாள். இரண்டு வருடமாக இப்படி முழுசாகத் திட்டு வாங்கியதில்லை மாப்பிள்ளை, கண் கலங்கிவிட்டது. டெண்டரில் கை வைக்காதீர்கள். ரகசியமாக எழுத எனக்குத்தான் இனி இந்த வீட்டில் இடமில்லை.