நெறிமுறைக் குழுவில் அக்கா

நுக்குவாலோஃபா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி லிசியாத்தேவுக்கு, அண்ணன் கிட்டியோனே எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாம் நலம், என் மூத்திரப்பை ஒன்றைத் தவிர. ஆக்லாந்தில் உன் வீட்டார் நலத்துக்கும் ஜெபிக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியும். மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்க எங்கள் சம்மதம் வேண்டும். டாக்டர் மோசேசே ஓர் ஆராய்ச்சி கொண்டுவந்தார்: என்னைப் போல ராத்திரியெல்லாம் எழுந்து ஓடும் கிழவர்களுக்குப் புது மாத்திரை. எனக்கு வாயெல்லாம் பல். சம்மதம் கிடைத்ததும் பதவியை உதறிவிட்டு முதல் ஆளாகச் சேரலாம் என்றிருந்தேன். அன்றைக்கென்று புது உறுப்பினராக எதிரே வந்து உட்கார்ந்தது யார் என்கிறாய், நம் பெரியப்பா மகள் லவீனியா அக்கா. நம் தீவு வழக்கத்தில் அக்காவும் தம்பியும் ஒன்றாக இருக்கிற இடத்தில் இந்த மாதிரிப் பேச்சை எடுக்கலாமா? டாக்டரோ சிட்னியில் வளர்ந்தவர். "சிறுநீர்" என்று ஆரம்பித்தார், நான் ஒரு கதவால் வெளியேறினேன், அக்கா இன்னொரு கதவால் வெளியேறினாள்.

"ரெண்டு பேரும் போயிட்டா கூட்டம் எப்படிங்க நடத்துறது?" என்றார் தலைவரான போதகர் ஐசாயா.

"அக்காவ வச்சிக்கிட்டு என்னை உக்காரச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் அக்காவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். நடுவே பலகைத் தடுப்புதான், டாக்டர் கிசுகிசுத்தார். போதகருக்குக் காது மந்தம். "எத்தனை தடவ ஒண்ணுக்குப் போவாங்கன்னீங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். தடுப்புக்கு அப்பால் அக்கா இருமினாள். எனக்கு மானமே போயிற்று.

போன வாரமே ராஜினாமா கொடுத்துவிட்டேன். என் இடத்துக்கு அக்காவுக்குத் தம்பி முறை ஆகாத ஆள் இந்தத் தீவில் லேசில் கிடைப்பானா? கடைசியில் ஒரு ஃபிஜிக்காரரைப் பிடித்தார்கள். இனி அவர்கள் வாய்விட்டுப் பேசலாம், எனக்கும் மாத்திரை வரும். ஆகவே நீ வருகிறேன் வருகிறேன் என்று துள்ளாதே, என்னை நானே பார்த்துக்கொள்வேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
கிட்டியோனே

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டர் வந்தார். சம்மதம் கிடைத்துவிட்டதாம், அக்கா போட்ட ஒரே நிபந்தனையோடு. "வயசானவங்க பாவம், புரியாமலே தலையாட்டிடுவாங்க. சொந்தக்காரங்க ஒருத்தர் கூடவே உக்காந்து எல்லாத்தையும் கேக்கணும்" என்றாளாம். நம் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருக்கிறார்கள். இங்கே மிச்சமிருக்கும் சொந்தமெல்லாம் எனக்கு அக்கா தங்கைகள். நான் நிம்மதியாகத் தூங்கி எவ்வளவோ நாளாயிற்று, தம்பி. அடுத்த விமானத்தில் கிளம்பி வா.