கதவடியில் நிற்கும் பேயும் சோறு கேட்கும் பேயும்

பேய்க்குப் பயப்படாத தமிழர் டென்மார்க்கில் இருக்கலாம். பேய் அண்ணைக்குப் பயப்படாத தமிழர் எங்கள் சின்ன நகரமான ஸ்கீவயில் ஒருவரும் இருக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் மட்டும்தான் இருந்தது. நானும் அவரும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினோம். இடைவேளையில் நாங்கள் பாணைக் கையில் எடுப்போம். அவர் பேயைக் கையில் எடுப்பார்.

இரண்டு படம், ஒரே கதை. செத்துப்போன தாய் ஒருத்தி தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். முதலில் ஜப்பான்காரர் எடுத்தார்கள். பிறகு கொரியாக்காரர் அதையே திருப்பி எடுத்தார்கள். ஜப்பான் படத்தில் அவள் கதவடியில் நிற்பாள். கடைசிவரை உள்ளே வரமாட்டாள். ஏன் வந்தாள் என்றும் சொல்லமாட்டாள். கொரியாப் படத்தில் நேரே குசினிக்குள் போவாள். சோறு கேட்பாள். அழுவாள். எல்லாவற்றையும் சொல்லுவாள்.

எது திறம்? இதுதான் அண்ணையின் வழக்கு.

"ஜப்பான் பேய் டேனிஷ்காரர் மாதிரி, தம்பி. முதலே சொல்லிப்போட்டு வந்தாலும் வாசலிலைதான் நிக்கும். கொரியாப் பேய் எங்கடை ஆக்கள் மாதிரி. வந்து, இருந்து, சாப்பிட்டு, பழங்கதை எல்லாம் கதைச்சிட்டுத்தான் எழும்பும்."

"அப்ப எது அண்ணை திறம்?"

"கொரியாதான். இவ்வளவு தூரம் வந்த மனிசி உள்ளுக்கு வராமல் போறதே?"

அடுத்த கிழமை, கதையை முடிக்கலாம் என்று நானே முந்திக்கொண்டு கொரியா என்றேன்.

"உனக்குப் படம் பாக்கத் தெரியாது. ஜப்பான்தான் திறம்," என்றார்.

எங்கள் டேனிஷ் மேற்பார்வையாளரையும் விடவில்லை. செத்த தாய் வந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். கதவைப் பூட்டுவேன் என்றான் அவன். அண்ணை ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை. "ஈவிரக்கமில்லாத பிறவி," என்றார்.

ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுகிற நேரம் கதையைத் தொடங்கிவிட்டார். சின்னப் பிள்ளைகள் எல்லாம் தாய்மாரைக் கட்டிக்கொண்டு கத்தினார்கள்.

"அண்ணை, இது பிறந்தநாள்," என்றார் தகப்பன்.

"ஓம். அந்தப் பேயும் ஒருநாள் பிறந்ததுதானே."

அதற்குப் பிறகு எந்த மண்டபத்திலும் அவருக்கு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் கதிரை. அவர் ஸ்பீக்கரை விடச் சத்தமாகக் கதைத்தார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். அந்த வழக்கு ஏன் முடிவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவருடைய மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ஜனனி. வேலை டோஸ்ட்ருப்பில், நாட்டின் மற்றப் பக்கம். தாய் இருக்கும்வரை தாய்க்காக வந்தாள். பிறகு தொலைபேசிதான். சுகமா என்பாள். ஓம் என்பார். அவ்வளவுதான். வந்தாலும் சேர்ந்திருந்து பார்க்க ஒன்றும் இல்லை. தமிழ்ப் படம் அவளுக்குப் பிடிபடாது. டேனிஷ் படம் இவருக்குப் பிடிபடாது. ஒருமுறை அவள் அந்த ஜப்பான் படத்தைப் போட்டிருக்கிறாள். ஜப்பான் பாஷை இரண்டு பேருக்கும் தெரியாது. இருவரும் கீழே ஓடுகிற டேனிஷ் எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும். இவர் மெல்லத்தான் வாசிப்பார். அவள் படத்தை நிறுத்தி நிறுத்தி விட்டாள். படம் நின்ற நேரங்களில் இருவரும் கதைத்தார்கள். பிறகு கொரியாப் படம் பார்க்க வந்தாள். பிறகு சண்டை பிடிக்க வந்தாள்.

நான் போன அன்றும் சண்டைதான். ஜனனி டேனிஷில் சொன்னாள். ஜப்பான் படத்துத் தாய் பார்க்கத்தான் வந்தாளாம். பார்த்தால் போதுமாம்.

அண்ணை தமிழில் கத்தினார். "பசியோடை வந்தவள் வாசலிலை நிக்கிறதே? உன்ரை அம்மா எண்டால் நிப்பாவோ?"

ஜனனி படத்தை ஓடவிட்டாள்.

முடிந்ததும் எழும்பி ஜாக்கெட்டைப் போட்டாள். "சரி ஃபா. கொரியாதான் திறம்," என்றாள். டேனிஷில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அண்ணையின் முகம் செத்துப்போனது. வழக்கு முடிந்தால் பிறகு அவள் எதற்கு வருவாள்?

"ஆர் சொன்னது? ஜப்பான்தான் திறம்!"

"ஃபா!"

ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்தாள். திரும்ப இருந்தாள்.

போன மாரிக் குளிரில் அண்ணைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. விபோர்க் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். குரலும் அதோடு போனது. எழுத ஒரு பலகை கொடுத்தார்கள். எழுதிச் சண்டை பிடிக்க முடியுமா? அவர் அதைத் தொடவேயில்லை.

நான் பார்க்கப் போயிருந்த அன்று ஜனனி மடிக்கணினியோடு வந்தாள். ஜப்பான் படம் ஓடி முடிந்தது. வெளியே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. "இப்ப சொல்லுங்கோ ஃபா," என்றாள். அண்ணை வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. அவள் குனிந்து கணினியைப் பைக்குள் வைத்தாள். அவர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

எனக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேய்ப் படம் என்றால் கண்ணை மூடுகிற ஆள் நான். இருந்தும் சொன்னேன்.

"ஜப்பான் பேய்க்கு நெஞ்சிலை ஈரமில்லை, பிள்ளை."

ஜனனி நிமிர்ந்தாள். தமிழில் தொடங்கினாள். தேடித் தேடித்தான் வந்தது.

"மாமாக்கு ஒண்டும் தெரியாது. அவ உள்ளுக்கு வந்தா திரும்பப் போகோணும். போக ஏலாது அவக்கு. அதான் வெளியில நிக்கிறா."

அண்ணை என் முழங்கையில் இடித்தார். விட்டுவிடாதே என்று கண்ணால் சொன்னார்.

"போறதெண்டாலும் சாப்பிட்டிட்டுப் போகலாம்தானே," என்றேன்.

"மாமா!"

அவள் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தாள். தாதி வந்து எங்கள் இருவரையும் போகச் சொல்லும்வரை ஓயவில்லை. அண்ணை ஒருமுறை அவள் பக்கம் தலையாட்டினார். ஒருமுறை என் பக்கம் ஆட்டினார்.

பனி கரைய முதல் அவர் போய்விட்டார்.

எரிக்கிற மண்டபத்தில் ஜனனி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமா, ஃபாவுக்கு உண்மையா எது பிடிச்சது?"

"நீ எதை வேண்டாம் எண்டனியோ, அது."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முன் வரிசையில் இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சிரிப்பை அண்ணை கேட்டிருக்க வேண்டும்.