அறைகிற அறை

“அப்பா, கதவு அறையறதாலதான் அறைக்கு அறைன்னு பேரா?”

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். அப்பா நூலகர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பெயர்ச்சொல் அறை வேறு, வினைச்சொல் அறை வேறு என்று அரைமணி நேரம் விளக்கினார். குழந்தை தூங்கிப்போனாள். அதை ஏன் கேட்டாள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

பகல் முழுக்க ‘சத்தம் போடாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வாய்த்த வீடு அது. ஜன்னலுக்கு நேரெதிரே ஜன்னல். மேட்டுத் தெருக் காற்று முன்பக்கம் நுழைந்து, போகிற போக்கில் கதவுகளையெல்லாம் தட்டி விசாரித்துவிட்டுப் பின்பக்கம் போகும். மகளுடைய அறைக் கதவு மட்டும் தனி ரகம். அது அறைந்தால் சுவரிலிருக்கும் நாட்காட்டி ஆணியோடு கீழே வரும்.

அந்த அறையில்தான் மனைவியின் அக்கா தங்கியிருந்தார். நர்ஸ். இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து, குடியிருப்புக்காகக் காத்திருந்தார். மாற்றலை ஏற்றுக்கொண்டது பிடிக்காமல் அவருடைய கணவர் பழைய ஊரிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“கதவு இப்படி அடிச்சா அக்கா என்னங்க நெனப்பா? கெளம்புன்னு சொல்றோம்னு தோணாதா?” என்றாள் மனைவி. “இங்க இருந்தும் போயிட்டா, அவளுக்கு யாரு இருக்கா?”

நூலகர் களத்தில் இறங்கினார்.

முதலில் ஓர் அட்டையை நாலாக மடித்துக் கதவடியில் செருகினார். மறுநாள் மாலை அட்டை மேஜைமேல் இருந்தது.

“ஏன் எடுத்தே?”

“நான் ஏன் எடுக்கப்போறேன்?”

“அப்போ அட்டை தானா நடந்து போச்சா?”

“உங்க வீட்டு அட்டைதானே, சொல்லாம கொள்ளாமதான் போகும்.”

பேச்சு அட்டையை விட்டு அவருடைய தங்கைக்குத் தாவியது. அங்கிருந்து, ஆறு வருஷத்துக்கு முன் தொலைந்த ஒரு குடைக்குப் போனது. குடையைத் தொலைத்தது யார் என்று முடிவாவதற்குள்,

டமார்!

“பாத்தியா? அட்டை இருந்திருந்தா அடிச்சிருக்குமா?” என்றார் நூலகர், வழக்கில் ஜெயித்தவர்போல.

அடுத்து, எல்லா ஜன்னல்களையும் சாத்தினார். வீடு கொதிக்கிற பானையாயிற்று. அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள் மனைவி.

“காத்தை நிறுத்தச் சொன்னா, மூச்சையே நிறுத்திட்டீங்களே!”

“ரெண்டு நாள் பொறுத்துக்கோ. எதையும் அறிவியல்பூர்வமா...”

“அறிவியலை வச்சு அந்தக் குடையைக் கண்டுபிடிங்க பாப்போம்!”

டமார்!

ஜன்னல்கள் சாத்திய வீட்டில் காற்று எப்படி வந்தது? சாமானியருக்கு இங்கே சந்தேகம் வந்திருக்கும். நூலகர் படித்தவர். ஆகவே தரைக்கடியிலிருந்து காற்று வருவதாகக் கண்டுபிடித்தார்.

மூன்றாவதாக, நூலகத்தில் கழித்துக் கட்டிய கனமான அகராதி ஒன்றைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார். வேலை முடிந்து வந்த அக்கா அதில் இடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

“ஐயோ அக்கா! பலமா பட்டுடுச்சா?”

“பரவால்ல தம்பி. இலக்கணம்தான் எனக்கு இடிக்கும்னு நெனச்சேன், அகராதியும் இடிக்குது.”

“அகராதி பிடிச்ச மனுஷன் வீட்டுல வேற என்னக்கா இடிக்கும்?” என்றாள் மனைவி. அன்றைய சண்டை அங்கே தொடங்கியது. அகராதியைத் தள்ளிக்கொண்டு கதவு அறைந்தது.

கடைசியில் தச்சர் வந்தார். சட்டம் முழுக்க ரப்பர் பட்டை ஒட்டினார். நாதாங்கியில் துணி சுற்றினார். “இனிமே யானை தள்ளினாலும் சத்தம் வராதுங்க” என்றார். வரவில்லை. கதவு முழுசாகச் சாத்தவும் இல்லை. நாலு விரல் இடைவெளியில் நின்று ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“குளியலறைக் கதவுக்குமா ரப்பர்? இப்போ அதுவும் சாத்தல! உள்ள போறவங்க பாடிக்கிட்டே இருக்கணுமா?”

“எல்லாம் யாருக்காக? உங்கக்கா வந்த நாள்லேர்ந்துதானே இந்தக் கதவெல்லாம் அறையுது!”

நூலகர் சொன்னது கதவின் வரலாறு. ஆனால் டமார் இல்லாத அமைதியில் அந்த வாக்கியம் வீடு முழுக்கத் தெளிவாக நடந்துபோய், நாலு விரல் இடைவெளிக்குள் நுழைந்தது.

காலையில் அக்காவின் பெட்டி கூடத்தில் நின்றது.

“ஹாஸ்டல்ல இடம் இருக்காம் தம்பி. போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, தங்கையிடம் விடைபெற மாடிக்குப் போனார். மனைவி மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள்.

நூலகர் மகளருகே வந்து உட்கார்ந்தார்.

“பாழாப்போன காத்தால வந்த வினை பாப்பா.”

மகள் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: “காத்து இல்லப்பா. நீங்களும் அம்மாவும் சண்டை போட்டா எனக்குக் கேக்கக் கூடாதுன்னு பெரியம்மாதான் கதவை அறைவாங்க. அப்புறம் ‘காத்து கண்ணு, காத்து’ம்பாங்க. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, பாவம்.”

கடவுள் மனிதனுக்கு இரண்டு காது கொடுத்தார். அவற்றுக்குக் கதவு கொடுக்கவில்லை. அந்த வேலையை அக்கம்பக்கத்து நல்ல மனசுகளுக்கு விட்டுவிட்டார். நூலகருக்கு இது புரிய, கதவுக்கு நாலு வைத்தியம் தேவைப்பட்டது.

திருப்புளியை எடுத்து வந்து மகளின் அறைக் கதவு ரப்பரை நெம்பி எடுத்தார். அக்கா இறங்கி வந்தபோது பெட்டி மறுபடி அறைக்குள் இருந்தது.

“அக்கா, நேத்து என் வாய் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க. குடியிருப்பு கிடைச்சு, சாவி கைக்கு வந்தப்புறம் போகலாம்.”

“கதவு மறுபடியும் அடிக்குமே தம்பி?”

“அடிக்கட்டும்க்கா. காத்துன்னா அடிக்கத்தான் செய்யும்.”

அக்கா அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு பெட்டியைப் பிரித்தார்.

அப்புறம் இரண்டு வாரம் கதவு அறையவில்லை. அறைய வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் மனைவியும் மகளும் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நூலகர் மட்டும் செய்தித்தாளோடு இருந்தார். அறைக்குள் அக்கா தொலைபேசியில் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். குரல் மெல்ல உயர்ந்தது, “நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று உடைந்தது, பிறகு அழுகையாயிற்று.

நூலகர் எழுந்தார். உள்ளே பார்க்காமல், இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார்.

டமார்!

“என்னங்க அது?” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

நூலகர் கீழே விழுந்த நாட்காட்டியை ஆணியோடு எடுத்துச் சுவரில் மாட்டினார். ஜன்னல் திரை ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“காத்து” என்றார்.