நெமிலிச்சேரிக் கிணற்றுத் தண்ணீரும் பட்டணத்து விருந்தாளிகளும்

நெமிலிச்சேரி,
ஈசுவர வருஷம், ஆனி மாதம்

பெரம்பூர் ரயில் பட்டறையில் உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் திருவேங்கடம் அவர்களுக்கு, மைத்துனன் லோகநாதன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூங்காவனமும் பிள்ளைகளும் சுகம். அங்கே தாங்களும் வடிவு அக்காளும் சுகமாயிருக்கத் திருவேற்காட்டு அம்மன் துணை.

மச்சான், இதைக் கண்டதும் பட்டறை வேலையை உதறிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நம்ம ஊருக்கு யோகம் பிறந்துவிட்டது! பட்டணத்து வக்கீல் ஒருவர், பசியே எடுக்காமல் வருஷக்கணக்காய் ரசஞ்சாதத்தில் காலம் தள்ளியவர், நம்ம கிணற்றுத் தண்ணீரை இரண்டு சொம்பு குடித்துவிட்டு ஒரு பானைச் சோற்றைக் காலி பண்ணினார். அவர் போய்ச் சொல்லப் போக, இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் ஆவடி ஸ்டேஷனில் கூட்டம் தாங்கவில்லை. ஊர் மாட்டு வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கிறது. எரு அடிக்க ஒரு வண்டி கிடையாது, எரு யாருக்கு வேண்டும்? நம்ம நிலத்தை உழுதுகொண்டிருந்த வேம்புலி தலைப்பாகை கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு ஏரியைச் சுற்றிக் காட்டுகிறான். வண்டிக்குக் காசு, தண்ணீருக்குக் காசு, மரத்தடியில் பாய் போட்டால் அதற்கும் காசு! சோற்றுக்கு மட்டும் வாங்குவதில்லை. வீடு தேடி வந்தவர்களிடம் சோற்றுக்குக் காசு வாங்கினால் நாளைக்கு நம்மை ஒருத்தன் மதிப்பானா? அவர்கள் மூன்றாம் முறை சாதம் கேட்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை மச்சான்.

பால் முழுக்க அவர்கள் காபிக்குப் போய்விடுகிறது. பருப்பு, காய்கறி, போன மாதத்திலிருந்து அரிசிகூட ஆவடிக் கடையில்தான் வாங்குகிறோம்; எல்லாம் விலை ஏறிவிட்டது. அந்தக் கடைக்காரர் மாடி கட்டுகிறார், அத்தனையும் நம்ம ஊர்ப் பணம்! இது பூங்காவனத்துக்குப் புரிகிறதா? நேற்று குதிருக்குள் தலையை விட்டுக்கொண்டே கத்துகிறாள்: "இன்னாய்யா, வெத நெல்லு மட்டுந்தான் கீது. ஆடி வந்தா மண்ணையா வெதைக்கப் போற?"

"போடி, ஊருக்கே ராஜயோகம் வந்துகீது, நீ வெத நெல்லுக்கு அழுவுறியே" என்று நானும் கத்திவிட்டேன்.

ஆகவே தாமதிக்காமல் ராஜினாமா கொடுத்துவிட்டு வரவும். அக்காள் சமையலுக்கு நின்றால் இன்னும் ஐம்பது பேரை வரவழைக்கலாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லாருக்கும் நல்ல பசி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
லோகநாதன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இன்று வக்கீல் தன் சுற்றத்தார் பதினாறு பேரோடு வந்து இறங்கிவிட்டார். நேற்று சத்தம் போட்ட பூங்காவனம் வாசலில் அவர்களைக் கண்டதும் விதை நெல்லை உரலில் கொட்டிக் குத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஏப்பம் விட்டுக்கொண்டு அவர்கள் வண்டி ஏறியதும், "கெளம்புய்யா, நம்மளும் பட்டணம் பாத்துகினு வரலாம்" என்றாள். நாளைக் காலை வண்டிக்கு நாங்கள் ஆறு பேரும் புறப்படுகிறோம். தபால் பிந்திவிடும் என்பதால் இந்தக் கடிதத்தை நானே கையில் கொடுக்கிறேன். செத்த காலேஜ் என்கிற மியூசியம், உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க உத்தேசம். பொங்கல் வரை ஆகலாம். அக்காளை உலை வைக்கச் சொல்லுங்கள். பட்டறை வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், மச்சான்.