தொடர்பாளர் எவருமில்லை

'தொடர்பாளர்கள்' என்ற கட்டத்தில் பதினோராவது வாரமாக 'எவருமில்லை' என்று எழுதிவிட்டு வஸ்ஃபி ஹெட்ஃபோனைக் கழற்றினான். பன்னிரண்டாவது வாரமும் அப்படியே எழுதினால் இந்தக் கண்காணிப்புக் கோப்பை மூடிவிடுவார்கள். ஒட்டுக்கேட்க ஆளில்லாத ஊழியனைப் பாலைவன எல்லைச் சாவடிக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஜோர்டான் தலைநகர் அம்மானில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒண்டி அறை. போன் நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் அவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. ஆனாலும் இங்கே காதில் ஒரு குரலாவது இருந்தது.

அது அபூ நாயிஃபின் குரல். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மனைவி இறந்துவிட்டார், மகன் நாயிஃப் கனடாவில். பயங்கரவாதத்தை வேரறுக்க வந்த புதிய சட்டத்தில் நீதிபதி கையெழுத்தெல்லாம் வேண்டியதில்லை, ஒரு மொட்டைக் கடுதாசி போதும். 'இவர் ஆபத்தானவர், விடாமல் கவனிக்கவும்' என்று ஒன்று வந்தது. அன்று முதல் அவருடைய போன், சும்மா மேஜையில் கிடக்கும்போதும், வீட்டில் நடப்பதை எல்லாம் வஸ்ஃபிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடப்பதுதான் ஒன்றுமில்லை. தினமும் அவர் போன் பக்கத்தில் வந்து, "ஸபாஹுல் கைர். இன்னிக்கு ஞாயிறு. மணி எட்டு. முட்டி வலி பரவாயில்லை," என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. வயதானால் அப்படித்தான் என்று வஸ்ஃபி நினைத்தான். ஒருநாள் தன்னையறியாமல் "ஸபாஹுல் கைர்" என்று பதிலுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"யாருமே கூப்பிடலைன்னா நீயே கூப்பிடேன்," என்றார் ஹம்தான். அந்தக் கட்டடத்தில் நாற்பது வருடமாக டீ போடுகிறவர். "அந்தக் கால ஆளுங்க ராங் நம்பர் போடுவாங்க. டயர் கடையான்னு கேப்பாங்க. கட்டம் நிரம்பிடும்."

வஸ்ஃபி சந்தையில் பெயரில்லாமல் விற்ற ஒரு சிம்மை வாங்கினான்.

"டயர் கடைங்களா?"

மறுமுனையில் அபூ நாயிஃப் சிரித்தார். "இல்லப்பா. வெச்சுடாதே. சாப்பிட்டியா?"

அந்தக் கேள்வியை அவனிடம் யாராவது கேட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. இருபது நிமிடம் பேசினான். 'அடையாளம் தெரியாத ஆண், ஒருமுறை' என்று கட்டத்தில் எழுதினான்.

பர்ஜஸ் பாஷாவுக்கு அது போதவில்லை. புதிதாக வந்த மேலதிகாரி. ஒலிப்பதிவைக் கேட்கப் பொறுமை கிடையாது, காகிதத்தை மட்டும் படிப்பார்.

"ஒரு தடவை கூப்பிட்டா ராங் நம்பர்யா. ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் சதி."

வஸ்ஃபி வாரத்துக்கு மூன்று முறை கூப்பிட ஆரம்பித்தான். பேசியதை எழுத வேண்டுமே. மன்ஸஃப் என்ற கறிச்சோற்றுக்கு ஜமீத் ஊறவைப்பது பற்றி அபூ நாயிஃப் சொன்னதை அப்படியே எழுதினான். பாஷா அன்றே கூப்பிட்டனுப்பினார்.

"கல்லு மாதிரி இருக்குமாம். முதல் நாளே ஊறவெச்சு உடைக்கணுமாம். எத்தனை கிலோன்னு கேட்டியா?"

"பாஷா, ஜமீத்னா தயிர்க்கட்டி. உங்க வீட்டுலயும் இருக்குமே."

"என் வீட்டுல இருந்தா தயிர்க்கட்டி. இவன் வீட்டுல இருந்தா வெடிமருந்து. கூப்பிடறவன் சிம்முக்குப் பேரே இல்லை பாத்தியா? பெரிய ஆள். அவனைக் கண்டுபிடி."

தன்னைத்தானே தேடும் வேலை வந்துசேர்ந்ததும் வஸ்ஃபி பயந்துபோனான். இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று போன் போட்டான்.

"அபூ நாயிஃப், இனிமே என்னால கூப்பிட முடியாது."

"மேலேர்ந்து நெருக்கறாங்களா? சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட மட்டும் வந்துட்டுப் போ. மன்ஸஃபை ஒத்தை ஆளுக்குன்னு சமைக்க முடியாது. அவ போனதுலேர்ந்து பெரிய தாம்பாளத்தைப் பரண்லேர்ந்து இறக்கவே இல்லை."

அழைப்புகளை இயந்திரமும் எண்ணிக்கொண்டிருந்ததால் இதையும் எழுதாமல் விட முடியவில்லை. பாஷா மேஜையைத் தட்டினார்.

"கடைசி அழைப்பு. வெள்ளிக்கிழமை. ஆள் நேர்ல வர்றான். குரல் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான், நீயும் வேன்ல வந்து அடையாளம் காட்டு."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தெருமுனையில் வேன் நின்றது. உள்ளே பாஷாவும் நாலு பேரும், ஹெட்ஃபோனோடு வஸ்ஃபியும்.

"மணி ஒண்ணரை. சோறு தயார்," என்றது காதில் குரல்.

"மணி ரெண்டு. சோறு ஆறுது."

நாற்காலி இழுபடும் சத்தம்.

"மணி ரெண்டரை. பரவாயில்லை."

அந்தப் 'பரவாயில்லை'யை வஸ்ஃபியால் தாங்க முடியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி பாஷா கையில் கொடுத்துவிட்டு வேன் கதவைத் திறந்தான்.

"எங்கய்யா போறே?"

"உள்ளே, பாஷா. நான்தான்..."

பாஷா அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். "அவனா நடிக்கப் போறே. எனக்குக் காலையிலயே தோணுச்சு. போ."

கதவைத் திறந்த அபூ நாயிஃப் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"டயர் கடையா?"

"ஆமா."

"கையைக் கழுவிட்டு வா."

தாம்பாளத்தில் ஒரு கல்யாணத்துக்கே போதுமான சோறும் கறியும். அவர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். புறப்படும்போது மீதியைப் பொட்டலம் கட்டினார். "அஞ்சு பேருக்கு வரும். வழியில யாராவது பட்டினியா உக்காந்திருப்பாங்க."

வேனில் பாஷா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "மகா ஆபத்தான ஆள். ஆனா உன்னை நம்பிட்டான். கோப்பு இன்னும் ஒரு வருஷம் திறந்திருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் நீ போயாகணும். இது உத்தரவு."

வார விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஹம்தான் டீயை வைத்தபோது, எட்டு மணிக் குரல் அப்போதுதான் பேசி முடித்திருந்தது.

"இவ்வளவு நல்ல மனுஷன் மேல எந்தப் படுபாவி மொட்டைக் கடுதாசி போட்டானோ," என்றான் வஸ்ஃபி.

ஹம்தான் அவனுடைய நாற்காலியின் கைப்பிடியைத் துணியால் மெல்லத் துடைத்தார். "அந்தப் படுபாவி வீட்டுலதான் வெள்ளிக்கிழமை மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வந்தே. இதே நாற்காலியில இருபத்திரெண்டு வருஷம் ஒட்டுக்கேட்டவர், புதுச் சட்டம் வந்த மறுநாள் தன் மேல தானே எழுதின கடுதாசியை என் கையில குடுத்து, 'ஹம்தான், நான் பேசறதைக் கேக்க ஒரு ஆள் போடுவாங்கல்ல'ன்னு கேட்டார்."